தம்பிக்கு, அந்த வெள்ளைப் பேப்பர் பத்தி

அன்புள்ள தம்பி,

நேத்து ராத்திரி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூணு தடவ கேட்டேன்டா. "அக்கா, என் மண்டையில ஒண்ணுமே நிக்கல, பத்து நாளா ட்ரை பண்றேன், புக்கை மூடினா பேப்பர் வெள்ளையாவே கிடக்கு, நான் இத விட்டுடறேன்"னு சொன்னல்ல, அந்த குரல் மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. போன்ல சொன்னா நீ உம் கொட்டிட்டு வச்சிடுவ, அதான் உக்காந்து எழுதுறேன். உன்கிட்ட கேட்டுட்டுதான் இங்க போடுறேன், ஏன்னா குரூப் 4-க்கு படிக்கிற எத்தனையோ பேர் இதே இடத்துல வந்து நின்னு, எனக்கு ஞாபக சக்தியே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டு போயிடறாங்க.

மொதல்ல உன் பேப்பர். போன வாரம் போட்டோ எடுத்து அனுப்பினியே, பத்தாம் வகுப்பு தமிழ் புக்குல, ஒரே நேரத்துல நூறு செயல்கள கவனிச்சு செஞ்சு காட்டின சதாவதானி செய்குதம்பிப் பாவலர் பத்தி படிச்சுட்டு புக்கை மூடி வச்சு எழுதினது. அதுல "சதாவதானி, 1907, சென்னை", அவ்ளோதான் இருந்துச்சு. மார்ச் 10 இல்ல, விக்டோரியா அரங்கம் இல்ல, அவர் பிறந்த இடலாக்குடி இல்ல, சீறாப்புராணத்துக்கு உரை எழுதினது இல்ல. இருபது நிமிஷம் படிச்சதுக்கு இவ்ளோதானான்னு அழாத குறையா கேட்ட. நான் அத வேற மாதிரி பாக்குறேன்டா. அந்த மூணையும் நீ எங்கயும் எட்டிப் பாக்காம உனக்குள்ள இருந்து எடுத்திருக்க, அது உன்னோடது. மீதிய எடுக்க முடியாம பத்து நிமிஷம் முட்டிக்கிட்டு இருந்தியே, அந்த நேரம் வீணாப் போச்சுன்னுதான் நீ நினைக்கிற. அந்த முட்டுறதுதான்டா பயிற்சியே.

இத சும்மா ஆறுதலுக்கு சொல்லல. அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் 2006-ல காலேஜ் பசங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஒரு பகுதிய ரெண்டு தடவ படிக்கறது ஒரு முறை, ஒரு தடவ படிச்சுட்டு அப்புறம் உன்ன மாதிரியே வெத்துப் பேப்பர்ல ஞாபகம் வர்றத எழுதறது இன்னொரு முறை. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சப்ப ரெண்டு தடவ படிச்சதுலதான் அதிகம் நின்னுச்சு, 81 சதவீதம், எழுதிப் பாத்ததுல 75. ஆனா ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வச்சப்ப அப்படியே மாறிடுச்சு, ரெண்டு தடவ படிச்சது 42-க்கு இறங்கிடுச்சு, எழுதிப் பாத்தது 56-ல நின்னுச்சு. அந்த அஞ்சு நிமிஷத்துலதான் நாம எல்லாரும் ஏமாந்து போறோம். திரும்பத் திரும்ப படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், வரிய பாத்த உடனே ஆமா ஆமான்னு மனசு சொல்லும், பஸ்ல தினமும் பாக்குற முகம் மாதிரி, ஆனா பேர் என்னன்னு கேட்டா வாயில வராது. எக்ஸாம் ஹால்ல உனக்கு பேர்தான் வேணும்.

சரி, என் கதைக்கு வரேன், இதுல ஒரு பகுதி உனக்குத் தெரியாது.

அப்பா போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்கு போன் பண்ணினார். முக்கால் மணி நேரம் பேசினோம், கால் ஹிஸ்டரில நேரம் இருந்துச்சு. நீ அப்ப ஓசூர்ல இருந்த. காரியம் எல்லாம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி அந்த முக்கால் மணி நேரத்துல அவர் என்ன பேசினார்னு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணுமே வரலடா. நான் அப்ப ஸ்கூல்ல சத்துணவு கணக்கு நோட்டை எழுதிக்கிட்டே காதுல வச்சு பேசினேன், அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அவர் சொன்ன ஒரு வார்த்தை கூட இல்ல. அந்த பயத்துலதான் நான் தினமும் ராத்திரி அன்னைய நாள திருப்பிப் பாக்க ஆரம்பிச்சேன். நாலு வருஷம் ஆகுது. யார்கிட்டயும் பெருசா சொன்னதில்ல.

ஆரம்பத்துல படுத்துக்கிட்டு கண்ண மூடி ராத்திரில இருந்து காலை வரைக்கும் பின்னாடி போகணும்னு பாத்தேன். ராத்திரி சாப்பிட்ட இட்லி வரைக்கும்தான் போவேன், அதுக்குள்ள தூக்கம் அமுக்கிடும். ஒரு மாசம் இப்படியே போச்சு, ஒரு நாள் கூட மத்தியானத்த தாண்டினதில்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, இத படுக்கையில வச்சுக்கவே கூடாதுன்னு. பாத்திரம் கழுவி கவுத்திட்டு, புடவையில கைய துடைச்சுக்கிட்டு பின்வாசப்படில உக்காருவேன், பத்து நிமிஷம். நீயும் ராத்திரி பதினொண்ணு மணிக்கு கடையில இருந்து வந்து, சாப்பிட்டு, கண்ணு சொருகும்போதுதான் அந்த பேப்பரை எடுக்கற. அந்த நேரத்துல யாருக்கும் வராதுடா. காலைல கடைக்கு கிளம்பறதுக்கு முன்னாடி வை, இல்ல மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வை.

தூக்கத்த ஜெயிச்ச பிறகு வந்த கஷ்டம் வேற மாதிரி. என் வேலை உனக்குத் தெரியும், எல்லா நாளும் அரிசி, எல்லா நாளும் முட்டை, எல்லா நாளும் எத்தனை பிள்ளைங்க சாப்பிட்டாங்கன்னு எண்ணி எழுதறது. படில உக்காந்து யோசிச்சா செவ்வாய்க்கும் புதனுக்கும் வித்தியாசமே தெரியாது, எல்லாம் ஒரே குழம்பாயிடும். ஏதோ வியாதியா இருக்குமோன்னு கூட பயந்திருக்கேன். அப்புறம் மேரிகோல்ட் லின்டன்னு ஒரு அமெரிக்க உளவியல் அம்மா பத்தி படிச்சேன். 1972-ல ஆரம்பிச்சு ஆறு வருஷம், தினமும் குறைஞ்சது ரெண்டு சம்பவத்த கார்டுல எழுதி வச்சு, மாசா மாசம் அதுல சிலத எடுத்து தனக்குத் தானே டெஸ்ட் வச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கே திரும்பத் திரும்ப போன மீட்டிங்குகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து போச்சாம், மொத தடவ போனது தெளிவா இருக்கும், அப்புறம் போனதெல்லாம் எது எப்பன்னு பிரிக்கவே முடியாதாம். ஒரே மாதிரி விஷயத்த மூளை ஒரே கட்டா கட்டி வச்சுக்குது, அவ்ளோதான். இத படிச்சப்ப எனக்கு நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு, நான் மட்டும் இல்லன்னு.

நெதர்லாந்துல வில்லெம் வாகெனார்னு ஒருத்தரும் இதே மாதிரி ஆறு வருஷம் பண்ணி 1986-ல எழுதினார். 2400-க்கு மேல சம்பவம், ஒவ்வொண்ணுக்கும் யார், என்ன, எங்க, எப்பன்னு நாலு குறிப்பு. அதுல "எப்ப"ங்கற தேதிய மட்டும் வச்சுக்கிட்டு யோசிச்சா கிட்டத்தட்ட ஒண்ணுமே வரலயாம், "என்ன"ங்கறதுல இருந்து ஆரம்பிச்சாதான் நிறைய வந்துச்சாம். நான் அதுவரைக்கும் தப்பா கேட்டுக்கிட்டு இருந்தேன், பத்து மணிக்கு என்ன பண்ணேன், பதினொண்ணுக்கு என்ன பண்ணேன்னு. இப்ப அப்படி கேக்கறதில்ல, இன்னைக்கு யார் என்கிட்ட பேசினாங்க, என்ன கேட்டாங்கன்னுதான் ஆரம்பிப்பேன். மூணாம் கிளாஸ் பிள்ளை ஒண்ணு முட்டைய சாப்பிடாம தம்பிக்குன்னு டிபன் பாக்ஸ்ல ஒளிச்சு வச்சது, அது வந்துச்சுன்னா அன்னைக்கு மழை பேஞ்சது வரும், விறகு நனைஞ்சது வரும், நான் யார் மேலயோ எரிஞ்சு விழுந்தது வரும். நீயும் 1907-ல இருந்து ஆரம்பிக்காத. ஒரு ஆள் மேடையில நிக்கறார், சுத்தி அறிஞர்கள் உக்காந்திருக்காங்க, நூறு செயல்கள ஒரே நேரத்துல செஞ்சு காட்டறார், அங்க இருந்து உள்ள போ, வருஷமும் தேதியும் கடைசில வந்து ஒட்டிக்கும்.

இன்னொண்ணு சொல்லணும், இதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது. ஞாபகம் வரலன்னா மனசு சும்மா இருக்காது, தானா ஒண்ண செஞ்சு வச்சிடும். ஒரு நாள் எதுத்த வீட்டு அத்தை முருங்கைக்கீரை குடுத்ததா நான் அவ்ளோ உறுதியா சொன்னேன், உங்க மாமா அது முந்தாநாளுன்னார், ஃப்ரிட்ஜ திறந்து பாத்தா வாடிப் போன கீரை. பார்ட்லெட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1932-லயே இத எழுதிட்டார், செவ்விந்தியங்க கதை ஒண்ண படிக்க வச்சு அப்புறம் சொல்லச் சொன்னா, படிச்ச இங்கிலாந்துக்காரங்க தங்களுக்குப் பழகின மாதிரி மாத்தி சொன்னாங்களாம், கதையில சீல்ங்கற கடல் பிராணி வேட்டைக்குப் போனவங்க மீன் பிடிக்கப் போனவங்களா ஆயிட்டாங்க. அதனால நீ எழுதி முடிச்சப்புறம் கண்டிப்பா புக்கை திறந்து பாரு, சிவப்பு பேனால திருத்து. ஆனா அவசரப்பட்டு திறக்காத. நான் மொதல்ல ரெண்டு நிமிஷம் வரலன்னா உடனே போனை எடுத்து ஜிபேல யாருக்கு காசு போட்டேன்னு பாத்து நாள கண்டுபிடிப்பேன், அப்படி கண்டுபிடிச்ச நாள் எதுவுமே நிக்கலடா. முட்டி முட்டி தானா வந்தது நிக்குது.

விட்டுப் போன நாட்களும் உண்டு. பாப்பாவுக்கு டெங்கு வந்தப்ப பதினெட்டு நாள் படில உக்காரவே இல்ல. அந்த பதினெட்டையும் ஒரே ராத்திரில பிடிக்கணும்னு உக்காந்து தலைவலி வந்ததுதான் மிச்சம். போனது போகட்டும்னு விட்டுட்டு அன்னைய நாள்ல இருந்து ஆரம்பிச்சேன். நீயும் நாலு நாள் விட்டுட்டேன்னு அந்த நாலு நாள் பாடத்தையும் சேத்து தலையில ஏத்திக்காத.

சண்டை போட்ட நாள் வந்தா மட்டும் ஜாக்கிரதையா இரு. அத திருப்பிப் பாக்கறேன்னு ஆரம்பிச்சு அதே வார்த்தைய பத்து தடவ மனசுல ஓட்டி, அது இன்னும் ஆழமா பதிஞ்சு, மறுநாளும் முகத்த தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப ஒரு தடவ பாத்துட்டு அடுத்த ஆளுக்கு போயிடுவேன்.

சரி, அப்பா பத்தி ஒண்ணு. அந்த முக்கால் மணி நேரம் இன்னும் வரல, இனிமே வராதுன்னு ஒத்துக்கிட்டேன், கவனிக்காததுக்கு உள்ள எடுத்து வைக்க எதுவும் இல்ல. ஆனா போன மார்கழில படில உக்காந்திருந்தப்ப, காலைல ஸ்கூல் வாசல்ல பொறுக்கின மகிழம்பூ ஞாபகத்துக்கு வந்துச்சு, அதப் பிடிச்சுக்கிட்டு வேற ஒண்ணு வந்துச்சு. அப்பா மில்லுக்கு நைட் ஷிப்ட் போகும்போது என் காதுல ஒரு பூ பேர் சொல்லிட்டு போவார். காலைல சைக்கிளை ஸ்டாண்ட் போடறதுக்கு முன்னாடியே "என்ன பூ?"ன்னு கேப்பார். நீ அப்ப தொட்டில்ல இருந்த. அவங்க தாத்தா காலத்து திண்ணைப் பள்ளிக்கூட பழக்கம் அதுன்னு சொல்லியிருக்கார், சாயங்காலம் வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவைன்னு பேர் குடுத்து அனுப்பி மறுநாள் கேப்பாராம், உ.வே.சா. கூட தன் சின்ன வயசு பத்தி எழுதினதுல இத சொல்லியிருக்கார். முப்பது வருஷமா இத நான் நினைச்சதே இல்லடா. அப்பா குரலோட வந்துச்சு, அந்த லேசான இருமலோட. படில உக்காந்து ரொம்ப நேரம் அழுதேன், ஆனா அது நல்ல அழுகை.

அதனால விடாத. நாளைக்கு காலைல புக்கை எடுக்கறதுக்கு முன்னாடி பாவலர் பேப்பரை மறுபடி எழுது, பழசைப் பாக்காம. நாலு வார்த்தை வந்தாலும் சரி, ரெண்டா குறைஞ்சாலும் சரி, எனக்கு போட்டோ அனுப்பு.

அப்புறம், இன்னைக்கு உனக்கு செண்பகப்பூ. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது சாப்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடி அதத்தான் கேப்பேன்.

அன்புடன்,
அக்கா