'தி பிரின்சஸ் பிரைட்' படத்துல வேலை செஞ்ச எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

1987ல வந்த ஒரு தேவதைக் கதை காமெடி படத்துக்கு இப்ப போய் லெட்டரான்னு கேப்பீங்க. ஆமா, இப்பதான். எத்தனாவது தடவைன்னு எண்ணல, போன வாரம் திரும்ப பாத்தேன், இத்தனை வருஷமா எனக்கு பிடிபடாம இருந்த ஒண்ணு அன்னைக்குதான் பிடிபட்டுச்சு, அதை உங்ககிட்டயே சொல்லிடணும்னு தோணிடுச்சு. உங்கள்ல பல பேர் இப்ப உயிரோட இல்ல. பரவால்ல, அவங்களையும் சேத்துதான் எழுதுறேன். போஸ்டர்ல முகம் வந்தவங்க, கடைசியில ஓடுற பேர்ல மட்டும் இருக்கிறவங்க, அதுல கூட பேர் வராதவங்க, எல்லாருக்கும்தான் இது.

நான் எடிட்டிங் வேலை பாக்குறவன். சண்டைக் காட்சின்னு வந்தா என் கண்ணு தானா டூப்பைத் தேடும். எங்க முதுகு காட்டுறாங்க, எங்க தலைமுடி முகத்தை மறைக்குது, எந்த இடத்துல கட் பண்ணி கையை மட்டும் க்ளோசப்ல போடுறாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன், அது தொழில் பழக்கம், விடாது. மலை உச்சியில அந்த இடிஞ்ச கோட்டையில நடக்கிற வாள் சண்டையை அப்படி ஒவ்வொரு ஷாட்டா நிறுத்தி நிறுத்தி பாத்தேன். முகமும் தெரியுது, கால் அடியும் தெரியுது, கத்தியும் தெரியுது, எல்லாம் ஒரே ஃப்ரேம்ல! ஹீரோவா வர்ற கேரி எல்வெஸும், அப்பாவைக் கொன்னவனைத் தேடி அலையிற வாள் வீரனா வர்ற மேண்டி பட்டின்கினும்தான் சண்டை போடுறாங்க. குட்டிக்கரணம் அடிக்கிற இடம் மட்டும்தான் டூப், மத்ததெல்லாம் அவங்களேதான்.

இதுல ரெண்டு பேரும் இடது கையில ஆரம்பிச்சு பாதியில வலது கைக்கு மாறணும். அப்ப ரெண்டு கைக்கும் தனித்தனியா பயிற்சி எடுத்திருக்கணும். வேற காட்சி எடுத்துக்கிட்டு இருக்கிறப்ப கிடைக்கிற இடைவேளையில கூட வாள் சண்டை சொல்லிக் குடுத்த பீட்டர் டயமண்டும் பாப் ஆண்டர்சனும் இவங்களை இழுத்துட்டு போய் கத்தியைக் கையில குடுத்திருக்காங்க. அதுல பாப் ஆண்டர்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல பிரிட்டனுக்காக வாள் வீசினவர், 'ஸ்டார் வார்ஸ்' படங்கள்ல டார்த் வேடர் உடைக்குள்ள நின்னு சண்டை போட்டவரும் அவர்தான். இப்படி வாரக்கணக்கா பழகி இயக்குனர் ராப் ரைனர்கிட்ட போட்டுக் காட்டினா, அவர் இவ்ளோதானான்னு கேட்டிருக்கார், சட்டுனு முடிஞ்சிருச்சாம். திரும்ப போய் இன்னும் அடிகளைச் சேத்து நீட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. எனக்குத் தெரிஞ்ச எந்த யூனிட்லயும் காமெடி படத்துக்கு யாரும் இவ்ளோ மெனக்கெட மாட்டாங்க.

இன்னொண்ணும் கவனிச்சேன். அந்த சண்டைக்கு நடுவுல ரெண்டு பேரும் வாள் ஆசான்கள் பேரைச் சொல்லிக்கிட்டே வீசுவாங்க இல்ல, கேக்க சும்மா வாய்க்கு வந்த பேர் மாதிரி இருக்கும், தேடிப் பாத்தா எல்லாம் நிஜ ஆளுங்க. அக்ரிப்பா வாள் வித்தை நூல் போட்டது 1553ல, கேப்போ ஃபெரோ நூல் 1610ல. பாக்குறவன்ல நூத்துல ஒருத்தனுக்குக் கூட தெரியப் போறதில்ல. ஆனாலும் நாவலையும் திரைக்கதையையும் எழுதின வில்லியம் கோல்ட்மேன் சரியாத்தான் எழுதியிருக்கார்.

எனக்குப் பிடிபட்டது இதுதான். உங்கள்ல யாருமே சிரிக்க வைக்கணும்னு நடிக்கல. கத்தி பிடிக்கிறவன் நிஜமா கத்தி பிடிக்கிறான், காதலிக்கிறவ நிஜமா காதலிக்கிறா, பழி வாங்க வந்தவன் நிஜமாவே பழி வாங்கத்தான் வந்திருக்கான். கோட்டை, அரசன், ராட்சசன்னு எடுத்தாலே பழைய கதையைக் கிண்டல் பண்ணித்தான் சிரிக்க வைக்கணும்னு நினைக்கிறவங்க நிறைய, அந்த மாதிரி படம் ஒரு தடவை சிரிச்சதோட தீந்துரும். நீங்க அந்தக் கதையை மதிச்சீங்க. கோல்ட்மேன் தன் ரெண்டு மகள்கள்கிட்ட என்ன கதை வேணும்னு கேட்டு, ஒருத்தி இளவரசின்னும் இன்னொருத்தி மணப்பொண்ணுன்னும் சொல்ல, அதுல பிறந்த கதை. 1973ல புத்தகமா வந்து, ஸ்டூடியோகிட்ட மாட்டிக்கிட்ட உரிமையை அவரே கைக்காசு போட்டு மீட்டு, கடைசியில நார்மன் லியர் பணம் போட்டு படமாகறதுக்குள்ள பதினாலு வருஷம். அத்தனை வருஷம் காத்திருந்தவர் ஷூட்டிங் அன்னைக்கு, நெருப்பு சதுப்பு நிலத்துல ஹீரோயின் ராபின் ரைட் பாவாடையில தீ பிடிக்கிற காட்சியில, ஐயோ தீப்பிடிச்சிருச்சுன்னு கத்தி டேக்கையே கெடுத்துட்டாராம். எழுதினதே அவர்தான்! அந்தக் கதையைக் கேட்ட நாள்ல இருந்து அவர் மேல எனக்கு தனிப் பாசம்.

பில்லி கிரிஸ்டல் சார், உங்ககிட்ட தனியா சொல்லணும். நாப்பது வயசு கூட ஆகாத உங்களை அந்த மேக்கப்ல தொண்டு கிழவனா ஆக்கினாங்க, நீங்க கேமரா முன்னாடி வாய்க்கு வந்ததெல்லாம் பேச, ராப் ரைனர் சிரிப்பை அடக்க முடியாம செட்டை விட்டே வெளிய போயிட்டார், பொணமா படுத்திருக்க வேண்டிய எல்வெஸ் குலுங்கிக் குலுங்கி சிரிச்சதால சில ஷாட்டுக்கு பொம்மையைப் படுக்க வெச்சாங்க, பட்டின்கின் சிரிப்பை அடக்கப் போய் விலா எலும்புல அடிபட்டுச்சு. படம் பூரா அத்தனை கத்திச் சண்டை, அவருக்கு அடிபட்டது இங்கதான்.

ஆனா எல்வெஸுக்கு நிஜ அடி. ராட்சசனா நடிச்ச ஆந்த்ரேவோட வண்டியை ஓட்டப் போய் கால் கட்டை விரல் முறிஞ்சதை மறைச்சுக்கிட்டு நடிச்சார். அந்தக் கால் தெரியுற மாதிரி உக்காரற இடம் ஒண்ணு படத்துல இருக்கு, தெரிஞ்சவங்க கண்ணுல படும். வில்லனா நடிச்ச கிறிஸ்டோபர் கெஸ்ட் கத்திப் பிடியால மண்டையில தட்டினப்ப நிஜமாவே மயங்கி விழுந்தார். அந்த டேக்தான் படத்துலயே இருக்கு.

ஆந்த்ரேவைப் பத்தி எழுதறப்ப கொஞ்சம் நெஞ்சு கனமாகுது. உலகத்துலயே பலசாலின்னு பேர் எடுத்த மல்யுத்த வீரர், படம் எடுத்தப்ப முதுகு ஆபரேஷன் ஆகி ஒரு பொண்ணைத் தூக்குற தெம்பு கூட இல்ல. மேல இருந்து குதிக்கிற ராபின் ரைட்டை அவர் தாங்கிப் பிடிக்கிறப்ப ரோப் கட்டித்தான் இறக்கியிருக்கீங்க. எல்வெஸ் அவர் முதுகுல தொங்குற சண்டையில, க்ளோசப்ல கேமராவுக்குத் தெரியாம கீழ சாய்பலகை போட்டு எல்வெஸை அதுல நடக்க விட்டு, அவர் மேல பாரமே விழாம பாத்துக்கிட்டீங்க. படத்துல பாத்தா அந்த ஆளு மலையையே தூக்குவான்னு நம்புறோம். வசனம் மனப்பாடம் ஆகறதுக்காக ராப் ரைனர் கேசட்ல பேசி அனுப்ப, அதைக் கேட்டுக் கேட்டு பழகினாராம். குளிர்ல நடுங்கின ராபின் ரைட் தலை மேல அந்தப் பெரிய கையை வெச்சு சூடேத்தினவரும் அவர்தான். 1993ல போயிட்டார்.

மேண்டி பட்டின்கின் சார், உங்களுக்கு எப்படி எழுதுறதுன்னு தெரியல. உங்க அப்பா புற்றுநோய்ல போனாங்க, படத்துல அப்பாவைக் கொன்னவனைக் குத்துறப்ப மனசுக்குள்ள அந்த நோயைத்தான் குத்தினேன்னு நீங்க சொன்னதைக் கேட்டேன். எங்க அப்பாவும் அதே நோய்லதான் போனாரு. அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை கை தட்டி சிரிச்சுப் பாத்த காட்சி அது. இப்ப அந்த இடம் வந்தா ஹெட்போனை கழட்டி வெச்சுட்டு சும்மா உங்க முகத்தை மட்டும் பாக்குறேன். நீங்க அதை வெளிய சொன்னதுக்கு நன்றி சார், ரொம்ப நன்றி.

ஒரு விண்ணப்பம் இருக்கு, அதுக்காகத்தான் முக்கியமா இந்த மடலே. ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் உங்களை உக்கார வெச்சு பேட்டி எடுக்கிறாங்க, திரும்பத் திரும்ப அதே நடிகர்கள், அதே நாலு கதை. 'டாக்டர் ஷிவாகோ' உடைகளுக்கு ஆஸ்கார் வாங்கின ஃபிலிஸ் டால்டன்தான் உங்களுக்கும் உடை செஞ்சாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கேமராமேன் ஏட்ரியன் பிடில் 2005லயே போயிட்டார். பீட்டர் டயமண்ட் 2004ல, பாப் ஆண்டர்சன் 2012ல. கேரி எல்வெஸ் 2014ல புத்தகம் எழுதி நிறைய சொல்லிட்டார், அது பெரிய உதவி, ஆனா அது ஒரு நடிகர் நின்ன இடத்துல இருந்து தெரிஞ்சது. ராட்சச எலி உடைக்குள்ள வேர்த்து விறுவிறுத்து உருண்டவங்க, ரோப் பிடிச்சவங்க, மேக்கப் ஒட்டினவங்க, இவங்க நின்ன இடத்துல இருந்தும் ஒரு தடவை கேக்கணும். இருக்கிறவங்க பேசுங்க, எழுதுங்க, ரெக்கார்ட் பண்ணியாவது வைங்க.

முதல்ல அந்த சாய்பலகை. ஆந்த்ரேவோட முதுகு நோகக் கூடாதுன்னு உளி பிடிச்சு அதை செஞ்ச தச்சர் யாருன்னு உங்கள்ல யாருக்காவது ஞாபகம் இருந்தா, அவர் பேரை மட்டுமாவது சொல்லுங்க.

அன்போட,
கட்டிங் டேபிள்ல உக்காந்து உங்க படத்தைப் பாக்குற ஒருத்தன்