ஒரே நாள், இரண்டு மேடைகள்

ஆசிரியருக்கு,

குயீன், லெட் செப்பெலின் போன்ற ராக் குழுக்களின் மேடைத் திறனை ஒப்பிட, ஸ்டூடியோவில் திருத்திய 'லைவ்' ஆல்பங்கள் உதவாது. 1985 ஜூலை 13, பஞ்ச நிவாரண நிதிக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சியின் நேரலையைப் பாருங்கள். லண்டன் வெம்பிளி அரங்கில் குயீனுக்கு இருந்தது சுமார் 20 நிமிடம். பாடல்களைச் சுருக்கி, ஒத்திகை பார்த்து வந்தார்கள். பாடகர் மெர்க்குரி இழுத்த ஸ்வரத்தை அரங்கமே திருப்பிப் பாடியது.

அன்றே பிலடெல்பியாவில் லெட் செப்பெலின் தடுமாறியது. ஒத்திகை போதவில்லை, பாடகர் பிளாண்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது, பேஜின் கிடார் சுருதி விலகியது. போதாததற்கு இரண்டு டிரம்மர்கள்! இருவரின் கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) 30 மில்லிசெகண்ட் பிசகினாலே இரட்டை அடியாகக் கேட்கும். பேஸ் கிடாருக்குப் பிடிமானம் போய்விடும்.

செப்பெலின் திறமையில் குறைந்ததல்ல. 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கில் அவர்கள் வாசித்தபோது ஜேசன் பானம் ஒருவரே டிரம்மர். முறையான ஒத்திகையும் இருந்தது. பிளாண்டின் குரலுக்காகச் சில பாடல்களின் சுருதியையும் இறக்கினார்கள். அந்தப் பதிவையும் சேர்த்துக் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர்