ஆண்டறிக்கை 2024/25: சொந்தச் சில்லில் வந்த கார்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர் ஐயா, செயற்குழுவினரே, காரோடும் கார் இல்லாமலும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன வருடத்து அறிக்கை நீண்டுவிட்டது, பின்வரிசையில் இரண்டு பேர் நித்திரையாகிவிட்டார்கள் என்று பொருளாளர் சொன்னார். அதனால் எத்தனையாம் திகதி கூடினோம், யார் வரவில்லை என்ற விவரங்களை இந்த முறை வாசிக்கப் போவதில்லை. கூட்டக் குறிப்பேடு மேசையில் இருக்கிறது, விரும்பியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பழைய பிரித்தானியச் சிறிய கார்களை வைத்து ஓட்டும் எங்கள் சங்கத்தை இந்த வருடம் பாடாய்ப் படுத்தியது 'அசல்' என்ற சொல். அதற்குத்தான் நேரம் வேண்டும்.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். வருடத் தொடக்கத்தில் 38 உறுப்பினர்கள், இப்போது 43. கார்கள் 31. ஒருவரிடம் மூன்று இருக்கிறது, பலரிடம் ஆசை மட்டும் இருக்கிறது. மொறிஸ் மைனர்தான் அதிகம். அடுத்தது ஒஸ்ரின் ஏ40, அதிலும் சமசெற் ரகம். அப்புறம் ஏ30, ஏ35, கேம்பிறிட்ஜ், இரண்டு மினி. கேம்பிறிட்ஜ் எப்படிச் சிறிய காராகும் என்று வருடாவருடம் ஒருவர் கேட்கிறார். எங்கள் தலைவரிடம் கேம்பிறிட்ஜ் இருக்கிறது. ஆகவே சங்கத்தைப் பொறுத்தவரை அது சிறிய கார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. இடையில் எங்கள் பழைய கார்களுக்கும் வீடு தேடி வந்து விலை கேட்டார்கள். ஓர் உறுப்பினர் தன் ஏ35ஐக் கொடுத்துவிட்டார். மகளின் கல்யாணம், குறை சொல்ல முடியாது. இறக்குமதி இல்லாத காலம் இந்தக் கார்களுக்குப் புதிதல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் வரத்துச் சுருங்கியது. 1977க்குப் பிறகுதான் ஜப்பான் கார்கள் பெருகின. அதுவரை இங்கிலாந்தில் லோங்பிறிட்ஜில் செய்த ஒஸ்ரினையும் கௌலியில் செய்த மொறிஸையும் வைத்தே குடாநாடு கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில், செத்தவீடு எல்லாம் பார்த்தது. பிறகு வந்த யுத்தம் அவற்றின் ஓய்வை இன்னும் தள்ளிப்போட்டது.

இனி காட்சிக்கு வருகிறேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு முற்றவெளியில் 27 கார்கள் நின்றன. முதல்நாள் இரவு மழை, விடிய வெயில், தரையில் சேறு. மினி இரண்டும் புதைந்தன. அவற்றின் சில்லு 10 அங்குலம்தானே. தெற்கிலிருந்து நான்கு நண்பர்கள் வந்தார்கள். மூவர் ஏ9 வீதியில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள், நாலாவது கார் போர்வை போர்த்து லொறியில் வந்தது. அந்த மைனரைப் பார்த்தால் 1950களில் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கி நேரே இங்கே கொண்டுவந்த மாதிரி இருந்தது. இரண்டு வருட வேலையாம். முதல் பரிசு அதற்குத்தான். தகுதியான பரிசு, அதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாவதாக வந்த கார் சாவகச்சேரி மாஸ்டரின் 1953ஆம் ஆண்டு சமசெற். ஒரே சொந்தக்காரக் குடும்பம், பழைய இலக்கத் தகடு, பொனற் நுனியில் பறக்கும் 'ஏ' சின்னம் உட்பட எல்லாம் இருக்கிறது. நடுவர் பொனற்றைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னத் தகரத் தாங்கி, ஒரு பித்தளைத் திருகு, அதிலிருந்து காபரேட்டர் வரைக்கும் சேலைன் குழாய். 'பின்னாளில் சேர்க்கப்பட்டது' என்று எழுதி 11 புள்ளி குறைத்துவிட்டார்.

"மாஸ்டர், இதைக் கழட்டியிருந்தா முதல் பரிசு உங்களுக்குத்தான்" என்று நடுவர் மரியாதையாகவே சொன்னார்.

"கழட்டுவமெண்டுதான் தம்பி இருந்தனான். அப்ப பாத்து 2022இலை பெற்றோல் வரிசை வந்திட்டுது."

அதோடு விடவில்லை மாஸ்டர். மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். பக்கத்தில் நின்ற பொடியனிடம் ஹாண்டிலைக் கொடுத்தார். தகரத் தாங்கியில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, திருகைத் திறந்து, "அடி" என்றார். மூன்றாவது சுற்றில் இயந்திரம் பிடித்தது. ஐந்தாறு நிமிடம் பெற்றோலில் ஓடவிட்டு, கையை இயந்திரத்தின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்து, திருகை மாற்றினார். இயந்திரம் ஒருதரம் இருமியது. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி முற்றவெளியை மூடியது. அந்த மணம்! எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கண்ணைத் துடைத்தது புகையாலா என்று நான் கேட்கவில்லை. முதல் பரிசுக் காரைச் சுற்றி நின்ற கூட்டம் முழுவதும் சமசெற்றுக்கு வந்துவிட்டது.

இளம் உறுப்பினர்கள் பலர் இதை முதல்தரம் பார்த்தார்கள், ஆகவே கொஞ்சம் விளக்குகிறேன். யுத்தகாலத்தில், 1990இலிருந்து, பெற்றோலும் பற்றறியும் குடாநாட்டுக்குத் தடை. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளவாக. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆனால் சூட்டில் ஆவியாகும். ஏ40, ஏ30, மைனர் எல்லாவற்றிலும் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. புகையின் சூடே எரிபொருளைக் காய்ச்சிக் கொடுக்கும். அழுத்த விகிதமும் குறைவு, ஆகவே தரம் குறைந்த எண்ணெயிலும் இயந்திரம் பெரிதாகத் தட்டாது. ஃபேர்கசன் ட்ராக்டரிலும் இதே முறைதான்: பெற்றோலில் தொடங்கு, சூடானதும் மாற்று. லோங்பிறிட்ஜ்காரர் மிச்சம்பிடிக்கச் செய்த அமைப்பு எங்களுக்கு உயிர்காத்தது. விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும், பிளக் கறுக்கும், பேறிங் போகும். பற்றறி இல்லாத காரைத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். மலைநாடென்றால் இறக்கத்தில் உருட்டலாம். யாழ்ப்பாணத்தில் இறக்கத்துக்கு எங்கே போவது?

காட்சிக்கு மறுவாரம் கூடிய செயற்குழு இரவு பத்தரை வரை நீடித்தது. மாஸ்டரின் தாங்கியைப் பற்றித்தான். ஒரு பக்கத்தார் சொன்னது, அசல் என்றால் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த கோலம், அதில் தயவு தாட்சண்யம் பார்த்தால் காட்சிக்கு மரியாதை இல்லை. இன்றைக்குத் தகரத் தாங்கி, நாளைக்கு ஜப்பான் இயந்திரம் பூட்டிய மைனர் வந்து அதுவும் சரித்திரம் என்று நிற்கும் என்றார்கள். நியாயமான பயம்தான். அப்படிப்பட்ட மைனர்கள் நாட்டில் நிறைய ஓடுகின்றன.

நான் மற்றப் பக்கம். மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று பட்டதும், மாதிரிக் காரை நடுவால் நெடுக்க வெட்டி 4 அங்குலம் அகலமாக்கினார். பம்பர்கள் அதற்கு முன்பே தயாராகிவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையும் அந்த 4 அங்குலம்தான். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோட் காட்சிக்கு வந்ததே ஒட்டுப்போட்ட கார். ஆரம்பகால மைனரில் அந்த நடுத்துண்டு இல்லாவிட்டால் இன்றைய நடுவர் புள்ளி குறைக்கிறார். கௌலியில் போட்ட ஒட்டு அசல், சாவகச்சேரியில் போட்ட ஒட்டு குறையா?

என்னுடைய மைனரில் மின்சாரம் தரும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக ஜப்பான் ஓல்ரநேற்றர் பூட்டியிருக்கிறேன். ஆகவே இந்த விவாதத்தில் எனக்குச் சொந்த நலன் உண்டு. அதைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லிவிட்டேன்.

செயற்குழு ஒருமனதாக அல்ல, ஐந்துக்கு மூன்றாக எடுத்த முடிவு இது. உங்கள் அங்கீகாரத்துக்கு வைக்கிறேன். அசல் தன்மைக்கு இருந்த 40 புள்ளி 20 ஆகும். மிச்சம் 20இல் பாதி, சொந்தச் சில்லில் ஓடி வந்ததற்கு. லொறியில் வரும் காருக்கு அது கிடையாது. மற்றப் பாதி, காரோடு வைக்கும் ஒரு பக்கத் திருத்தக் குறிப்புக்கு: எது எப்போது உடைந்தது, யார் திருத்தினார், எதை வைத்துத் திருத்தினார். முழு இயந்திரம் மாற்றிய கார் காட்சிக்கு வரலாம், போட்டிக்கு வராது.

அந்தக் குறிப்பை மாதிரிக்கு எழுதித் தரும்படி உறுப்பினர்களைக் கேட்டோம். 19 வந்தன. சில வெறும் பட்டியல்: 'கிளச் 1984, திரும்ப 1991.' சிலருக்கு ஒரு பக்கம் போதவில்லை. யுத்தத்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவில் தகப்பனாரின் ஏ30 போனதைப் பற்றி மாதகல் உறுப்பினர் எழுதியதில் இருந்து சில வரிகளை அனுமதியோடு வாசிக்கிறேன்:

"1995 ஒக்ரோபர் 30 இரவு. உள்ளே அப்பம்மாவும் அயலட்டைப் பிள்ளைகள் ஐந்து பேரும். நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கி நின்றதால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தள்ளினோம். றேடியேற்றருக்குத் தண்ணீர் இல்லை, குடிக்கவும் இல்லை. வானத்தால் மழை பெய்தது, ஷீற்றை விரித்துப் பிடித்து ஏந்தி, முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு காருக்கு. கைதடிக்கு விடியத்தான் வந்தோம். 803 சி.சி. கார். திருத்தம்: ஹோஸ் பைப் ஒன்று, சைக்கிள் ரியூப்பால் கட்டியது. 2003 வரை அந்தக் கட்டு இருந்தது."

இந்த 19 தாள்களையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். மிச்சம் 12 காருக்கும் வரவேண்டும். யாருடையவை வரவில்லை என்று இங்கே வாசிக்க மாட்டேன், தேத்தண்ணி நேரத்தில் நானே வருவேன்.

ஆவணியில் எங்கள் கொக்குவில் கராஜ் ஐயாவை இழந்தோம். வயது 84. கராஜுக்குப் பெயர்ப் பலகை கிடையாது, மாமரம்தான் அடையாளம். தடைக்காலத்தில் காட்போட் மட்டையை வெட்டி ஒயிலில் ஊறவைத்து, இயந்திரப் பொருத்துகளில் ஒழுகாமல் இடையில் வைக்கும் கஸ்கற் செய்தவர். வால்வு அரைக்கும் சத்தத்தைக் காதால் கேட்டே "போதும், விடு" என்பார். புதுச் சாமான் வாங்கிக்கொண்டு போனால் ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழசு எங்கை? அதைத் தா, அது நல்லது" என்பார். அவரிடம் படித்த மூன்று பேர் இன்று எங்களுக்கு வேலை செய்கிறார்கள். அவருடைய பிரித்தானிய அளவு ஸ்பானர்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மகன் அதைச் சங்கத்துக்குத் தந்திருக்கிறார். தற்போது என் வீட்டில் இருக்கிறது, கையெழுத்து வைத்து எடுத்துப் போகலாம், ஒரு கிழமைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வருடாந்தச் சவாரி காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு. 14 கார் வெளிக்கிட்டன, 13 போய்ச் சேர்ந்தன. பொன்னாலைத் திருப்பத்தில் ஒரு மைனரின் முன்சில்லு மடிந்து படுத்துவிட்டது. மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கவனியுங்கள். முன்சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை மரையில்தான் சுழல்கிறது. கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்றுவிடும். நல்ல காலம், அது பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும். 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடி என்று கைநூலில் சும்மா எழுதவில்லை. சவாரி முடிந்து வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவவும் மறக்க வேண்டாம், கடல்வழிப் பாதையின் உப்பு பின் ஸ்பிறிங் தாங்கிகளைத் தின்றுவிடும்.

இன்னொரு விபத்து என்னால் வந்தது என்றே சொல்லலாம். இந்தக் கார்களில் பற்றறியின் பிளஸ் முனைதான் உடலோடு சேரும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். என் மைனரை ஓல்ரநேற்றருக்காக மாற்றிய அதே தம்பி, பக்கத்து வீட்டு ஏ30க்கும் பற்றறி பூட்டப் போய், என் காரில் பூட்டிய மாதிரியே பூட்டிவிட்டார். பழைய சாமான்கள் தாங்கிக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகப் பூட்டிய புது றேடியோ புகைந்துவிட்டது. பாதி விலையை நான் கொடுத்தேன். எந்த முனை உடலோடு சேரும் என்று எல்லோரும் பற்றறிக்கு மேலே சிவப்பு மையால் எழுதி ஒட்டவும்.

உதிரிப்பாகம் வழமைபோலத்தான். மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் புதுச் சாமான் கிடைக்கிறது. ஒரு காலத்தில் தென்னிலங்கையில் தகடுகளை அடித்து இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பியதும் நடந்திருக்கிறது. சமசெற்றுக்குத்தான் கஷ்டம். லண்டனிலிருந்து லீவில் வரும் மருமக்களின் சூட்கேசில் பிறேக் றப்பர் வருவதால் நாங்கள் ஓடுகிறோம். அவர்களுக்கும், பாரத்தைப் பற்றி வாய்திறக்காத அவர்களுடைய மனைவிமாருக்கும் சங்கத்தின் நன்றி.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். கூடாரத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடப் போய்விட்டது, மழையில் இரண்டு தரம் அடித்தோம். கையிருப்பு இருக்கிறது, ஆனால் பெருமைப்படும் அளவுக்கு இல்லை.

சாவகச்சேரி மாஸ்டர் இன்று வரவில்லை. நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன், தாங்கியில் இருந்து ஒழுகுகிறதாம், ஈயம் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறாராம். திருத்தக் குறிப்பில் அதையும் சேர்க்கச் சொன்னேன்.

கடைசியாக, காட்சியன்று ஒயில் ஒழுகும் கார்களுக்குக் கீழே வைக்க வாங்கிய 12 தகரத் தட்டுகளில் 9தான் திரும்பி வந்தன. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொண்டுவந்து தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்