நெஞ்சில் சீழ்: குழாய்க்குப் பயந்து நாளைக் கடத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

"பிள்ளைக்கு நெஞ்சுல சீழ் கோத்திருக்கு, குழாய் போடணும்" என்று டாக்டர் சொன்னதும், "வேற ஊசி மாத்திப் பாருங்களேன்" என்று கெஞ்சுவது மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துப் பெற்றோரின் வழக்கம். விலாவில் ஓட்டை போட்டால் பிள்ளை தேறாது என்ற பயம். கையெழுத்துப் போடத் தயங்கிக் கழியும் மூன்று நான்கு நாட்கள்தான் இந்த நோயில் விலை கூடியவை.

நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. நிமோனியா வந்தால் அவற்றின் இடுக்கில் நீர் ஊறும். முதலில் தெளிந்த நீர்; கொஞ்சமாக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கிலேயே வற்றிவிடும். கிருமி அதற்குள் இறங்கினால் சீழாகும். பிறகு ஃபைப்ரின் என்ற பசை நூல் நூலாகப் படிந்து, தேனடை போல அறை அறையாகத் தடுத்துவிடும். அந்த நிலையில் குழாய் போட்டால் ஓர் அறை மட்டும் காலியாகும், மற்றவை அப்படியே நிற்கும். வாரக்கணக்கில் விட்டாலோ உறை தடித்துத் தோலாகி நுரையீரலை விரியவிடாது. ஊசி மருந்து ரத்தத்தின் வழியே போவது. சீழ்க்குட்டைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லாமல் போவது இதனால்தான்.

நிமோனியாவுக்குச் சரியான மருந்து தொடங்கி 48 மணி நேரம் ஆகியும் காய்ச்சல் விடவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். குழந்தை ஒரே பக்கமாகச் சாய்ந்து படுக்கும். சில பிள்ளைகள் வயிற்றுவலி என்றே சொல்லும். தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியாவின் அறிகுறி. விலா உள்வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. தைலம் தேய்த்துப் பார்க்கும் நேரமல்ல அது. எக்ஸ்ரே ஒரு பக்கம் வெளுத்துவிட்டதைக் காட்டும். நீரா சீழா, நூல் கட்டிவிட்டதா, எங்கே குத்துவது என்பதை ஸ்கேன்தான் காட்டும். வயிற்றுக்குப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட் போதும். எல்லாக் குழந்தைக்கும் சி.டி. எடுப்பது வீண் செலவு, வீண் கதிர்வீச்சு.

குழாய் போடுவதை மயக்க மருந்தோ வலிமறக்கும் மருந்தோ கொடுத்தே செய்கிறார்கள். முதலில் கிலோவுக்கு 10 மில்லி வந்ததும் ஒரு மணி நேரம் அடைத்து வைப்பார்கள். 12 கிலோ பிள்ளைக்கு 120 மில்லி. ஒரேயடியாக வடித்தால் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்து அதிலேயே நீர் கோக்கக்கூடும். குழாயின் மறுமுனை சேரும் நீருள்ள பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பாட்டிலைப் பிள்ளையின் மடியில் வைத்துவிடுகிறார்கள். அதிலுள்ள நீர் திரும்ப உள்ளே ஏறும். பாட்டிலில் குமிழி விடும் குழாயை ஆம்புலன்ஸில் கொண்டுபோகும்போதும் அடைக்கக் கூடாது. காற்று உள்ளேயே அடைபட்டு மூச்சு நின்றுபோகலாம். மூச்சுக்கு மூச்சு பாட்டிலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது திடீரென நின்றால் குழாய் மடங்கியிருக்கும், இல்லை அடைத்திருக்கும். நர்ஸைக் கூப்பிடுங்கள்.

நூல் கட்டியிருந்தால் அதைக் கரைக்கக் குழாய் வழியே யூரோகைனேஸ் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு மேல் 40,000 யூனிட்டை 40 மில்லி சலைனில், அதற்குக் கீழ் 10,000 யூனிட்டை 10 மில்லியில் கலந்து செலுத்தி, 4 மணி நேரம் அடைத்துத் திறப்பது. 12 மணிக்கொரு முறை, மூன்று நாளில் ஆறு வேளை. கேமரா வழி அறுவை சிகிச்சையும் நல்லதுதான். ஆனால் முதலிலேயே அதைச் செய்வதால் கூடுதல் பலன் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. கரைப்பு மருந்தில் தேறாதவர்களுக்கு அது இருக்கிறது.

குழாய் போட்ட மறுநாளே காய்ச்சல் விடாது. சில நாள் இழுக்கும். அதைப் பார்த்து ஆஸ்பத்திரி மாற்றுவது வேண்டாம். டெங்கு புண்ணியத்தில் தட்டணு என்ற சொல் ஊரெல்லாம் பழகிவிட்டது. இந்த நோயில் அது குறையாமல் லட்சக்கணக்கில் ஏறும், தானே இறங்கும், தனி மருந்து தேவையில்லை. வலிக்குப் பயந்து பிள்ளை ஒரு பக்கம் வளைந்து நடப்பதும் சில வாரங்களில் நிமிர்ந்துவிடும். வீட்டுக்குப் போனபின் மாத்திரையோ சிரப்போ 1 முதல் 4 வாரம் தொடர வேண்டும். 4 முதல் 6 வாரத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் படம் பழைய நிலைக்கு வந்துவிடும். பெரியவர்களைப் போலன்றி, குழந்தைகளின் நுரையீரல் இதிலிருந்து அநேகமாக முழுசாக மீளும்.

வெளிர் மஞ்சள் நீராக, லிம்போசைட் என்ற வெள்ளை அணு மிகுந்து வந்தால் அது காசநோயாக இருக்கலாம்; சிகிச்சை முறையே வேறு. ஆகவே எடுத்த நீரைக் கொட்டாமல் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மதுரைக்கு அனுப்பும் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிந்தால் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தபின் முதல் ஊசியைப் போடுங்கள். மருந்து உள்ளே போனபின் சோதனையில் சீழிலிருந்து கிருமி வளர்வது அரிது. எந்த ஆன்டிபயாட்டிக், என்ன அளவு, என்று தொடங்கியது என மூன்றையும் சீட்டில் எழுதி, எக்ஸ்ரேயுடன் கொடுத்தனுப்புங்கள். அரசு தடுப்பூசித் திட்டத்தில் நிமோகாக்கல் ஊசி 2021 முதல் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என இலவசமாகப் போடப்படுகிறது. எல்லா நிமோனியாவையும் அது தடுக்காது, ஆனாலும் சீழ் கட்டுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றான கிருமிக்கு எதிரானது. பெற்றோர் பச்சைக் குழந்தைக்கு முதல் இரண்டையும் தவறாமல் போட்டுவிட்டு, 9 மாத ஊசியை மறந்துவிடுகிறார்கள். அட்டையை எடுத்து அந்தக் கட்டத்தை ஒருமுறை பாருங்கள்.

இப்படிக்கு,
குழந்தைநல மருத்துவர்கள் இருவர்,
மதுரை.