சீனா சொன்னதை வைத்தே சீனாவைக் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீன வெளியுறவுக் கொள்கை பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். ‘அமைதி வழி வளர்ச்சி’ பற்றி சீன அரசு 2011 செப்டம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை வெறும் பேச்சு என்று தள்ளிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருபோதும் ஆதிக்கம் தேட மாட்டோம் என்று ஓர் அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது. சின்ன நாடுகள் சீனாவைக் கேள்வி கேட்க அது ஒரு பிடி.

1974 ஏப்ரலில் ஐ.நா. பொதுச் சபையில் அப்போதைய சீனத் துணைப் பிரதமர் டெங் சியாவோபிங் இன்னும் ஒரு படி மேலே போனார். சீனா என்றாவது வல்லரசாகி மற்றவர்களை மிரட்டினால், உலக மக்கள் அதை அம்பலப்படுத்த வேண்டும், எதிர்க்க வேண்டும், சீன மக்களோடு சேர்ந்து வீழ்த்த வேண்டும் என்றார்.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்தபோது லூசான் கரையோரம் பிலிப்பைன்ஸ் மீனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒடுக்கமான மரப் படகு, இரண்டு பக்கமும் கவிழாமலிருக்க மூங்கில் கட்டியிருக்கும். அந்த மாதிரிப் படகுக்காரர்களுக்குத் தென்சீனக் கடலில் உள்ள ஸ்கார்பரோ திட்டு பரம்பரை மீன்பிடி இடம். 2012-இல் அது சீனாவின் பிடிக்குள் போனது. அந்த மீனவர்களைச் சீனா தடுத்தது சட்டவிரோதம் என்று 2016 ஜூலை 12 அன்று சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. சீனா ஏற்கவில்லை.

சரி, இதைக் கண்டிக்க அமெரிக்கா சொல்வதை ஏன் எடுத்துக்காட்ட வேண்டும்? டெங்கின் அந்த உரையை முழுசாகத் தமிழில் உங்கள் நடுப்பக்கத்தில் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர், தூத்துக்குடி