ஆற்றில் ஒரு கால்

அன்னாபொலிஸ், மேரிலாந்து, அமெரிக்கா,
அக்டோபர் 14

அன்புள்ள வைத்தி,

ஆறு மாதமாகப் பதில் எழுதாததற்கு என்ன திட்டினாலும் தகும். இங்கே எல்லோரும் நலம். உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாமே, சந்தோஷம். இனி என் கதைக்கு வா.

மகள் வீட்டுக்குப் பின்னால் செவர்ன் ஆறு ஓடுகிறது, தோட்டத்திலிருந்து நீருக்குள் நீளும் மரத்துறை ஒன்றும் உண்டு என்று எழுதியிருந்தேனே. மே மாதம் மாப்பிள்ளை அங்கே கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஒன்றை வாங்கிக் கட்டினார். 10 அடி நீளம், 22 கிலோ, ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக். கொள்ளிடத்தில் குதித்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? துடுப்புப் போடுவது ஒரே நாளில் வந்துவிட்டது. துறையிலிருந்து அதில் ஏறுவதும், திரும்பி வந்து துறையில் ஏறுவதும்தான் வித்தை.

துறை ஓரத்தில் உட்கார்ந்து, இரு கால்களையும் கயாக்கின் நடுவில் வைத்து, பலகையைக் கையால் அழுத்திக்கொண்டே இருக்கையில் இறங்க வேண்டும். நிமிரவே கூடாது. கோடை முழுக்க ஒழுங்காகச் செய்தேன். இங்கே நீரின் ஏற்ற இறக்கம் ஓர் அடிதான். ஆனால் வடமேற்குக் காற்று விடாமல் அடித்தால், இந்த ஆறு போய்க் கலக்கும் செசபீக் விரிகுடாத் தண்ணீரையே தெற்கே தள்ளிவிடும். போன செவ்வாய், அப்படி அடித்து ஓய்ந்த காலை. கயாக்கை இறக்கி மிதக்கவிட்டால், வழக்கத்தைவிட ஒன்றரை அடி பள்ளத்தில் கிடக்கிறது. உட்கார்ந்தபடி கால் எட்டவில்லை. எழுந்து நின்று ஒரு காலை வைத்தேன். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று தமிழய்யா உன்னைத்தானே சொல்வார்? பலித்தது எனக்கு. கயாக் அப்பால் நழுவியது. நான் நடுவில் விழுந்தேன்.

சிரி. நானும் முதலில் சிரித்தேன். பிறகுதான், துறைப் பலகை கைக்கு எட்டாது, ஏணி இல்லை, காலுக்குச் சேறும் எட்டவில்லை என்பது உறைத்தது. துறையைத் தாங்கும் மரத்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அதில் அப்பியிருந்த கொட்டலசு என்னும் கூரிய ஓட்டுயிர் உள்ளங்கையை அரிவாள்மணை போலச் சீவியது. குளிரில் மூச்சு முட்டியது. மிதவை அங்கியோ மேலே ஆணியில் தொங்குகிறது. இந்த மாநிலத்தில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதை அணிந்தே ஆகவேண்டும். பெரியவர்கள் படகில் வைத்திருந்தால் போதும். என்னைப் பெரியவன் கணக்கில் சேர்த்தது சட்டத்தின் பிழை.

வைத்தி, அந்தச் சில நிமிடங்களில் மணலில் கிடந்த சேதுவின் செருப்புதான் கண்ணில் நின்றது. நாற்பத்தைந்து வருடமாக நாம் இருவரும் அதைப் பேசியதில்லை. எப்படியோ கயாக்கைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து உதைத்துக் கரை சேர்ந்தேன்.

இப்போது ஏணி மாட்டியாயிற்று, கடைசி இரண்டு படிகள் தண்ணீருக்குள் இருக்கும்படி.

ஆகஸ்டில் செய்த இன்னொரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்று தூக்கிப்போய்விடுமே என்று கயாக்கைத் துறையின் மேலேயே வார் போட்டு இறுக்கிவிட்டேன். வெயிலில் பிளாஸ்டிக் இளகி, அடிவயிற்றில் தோசைக்கல் அளவு பள்ளம். மாப்பிள்ளை வாய் திறக்காமல் வாரை அவிழ்த்து, கவிழ்த்து வெயிலில் போட்டார்; இரண்டு நாளில் பாதிப் பள்ளம் தானே எழும்பிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டாலும் நடு தொய்யுமாம். அதனால் கொட்டகைக்குள் இரண்டு மெத்தென்ற தாங்கிகளில் ஒருக்களித்துக் கிடக்கிறது, மத்தியானத்தில் நீ படுப்பாயே, அப்படி.

தேங்காய் உடைத்ததில் கை கிழிந்தது என்று பங்கஜத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன். டிசம்பரில் வரும்போது உளறிவிடாதே.

சேதுவின் அம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்களா? எழுது.

உன்,
சுந்தரம்