பதினான்கு நாள்

ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து விசேஷத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் வழக்கறிஞர் புத்தி விடாமல் ஒரு கேள்வியையும் சேர்த்திருக்கிறாய். ஆபத்தான நிலையில் இருக்கும் ஒருவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்கும்படி நீதிமன்றம் சொன்னால், உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்டிருக்கிறாய். என்னிடமும் ஒரு ஷாட்கன் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கும் உரியதுதான். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

உன் பெரியப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி நினைவிருக்கிறதா? தேர்தல் அறிவித்த மறுநாளே அதைப் பழைய வேட்டியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்புவார். குழலில் துரு ஏறிவிடுமே என்று புலம்புவாரே தவிர, தன் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கலெக்டர் கொடுத்த லைசென்ஸ் அது, கொடுத்தவர் திரும்பக் கேட்டால் மறுப்பதற்கில்லை. இங்கே நிலைமை தலைகீழ். அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாகவே சொல்கிறது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. ஆகவே, குற்றம் எதுவும் செய்யாத ஒருவரின் துப்பாக்கியை எடுத்துச் செல்வது என்பது, வாய்ப்பூட்டுப் போடுவதற்குச் சமமான காரியமாகவே இங்குள்ளவர்களுக்குத் தோன்றுகிறது.

எங்கள் மாநிலச் சட்டத்தையே எடுத்துக்கொள். 2019 ஏப்ரலில் ஆளுநர் ஜாரட் போலிஸ் கையெழுத்திட்டு, 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மக்கள் வாயில் அது 'ரெட் ஃபிளாக்' சட்டம். குடும்பத்தினரோ காவல்துறையினரோ (2023-க்குப் பிறகு மருத்துவர்களும் ஆசிரியர்களும்கூட), இன்னார் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளக்கூடும் என்று சத்தியம் செய்து மனு கொடுக்கலாம். அன்றோ மறுநாளோ நீதிபதி விசாரித்து, எதிர்த்தரப்பு இல்லாமலேயே தற்காலிக உத்தரவு போடலாம். ஷெரிஃபின் (கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதியின், காவல் தலைவர்) ஆட்கள் வந்து கேட்கும்போது, துப்பாக்கிகளை அவர்களிடமோ உரிமம் பெற்ற கடைக்காரரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். பதினான்கு நாளுக்குள் முழு விசாரணை நடக்கும். அதில் தெளிவான, நம்பத்தகுந்த சான்று இருந்தால் உத்தரவு 364 நாளுக்கு நீளும்.

உனக்கு இதில் எதுவும் புதிதாகத் தோன்றாது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் எக்ஸ்-பார்ட்டி இடைக்காலத் தடை வாங்குவது உன் அன்றாடத் தொழில். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு வழக்குகள் எத்தனையில் நீ ஆர்.டி.ஓ. முன்னால் நின்றிருப்பாய்! (இப்போது எண் மாறி 126 ஆகிவிட்டதாமே.) நடக்காத குற்றத்துக்காக ஒருவனைக் கட்டுப்படுத்தும் அந்தச் சட்டத்தில்கூட, உன்னிடம் ஏன் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கக் கூடாது என்று முதலில் அவனைத்தானே கேட்கிறார்கள்? இங்கே பொருள் முதலில் போகிறது, கேள்வி பிறகு வருகிறது. என் பக்கத்து வீட்டுக்காரரின் கோபமெல்லாம் இந்த வரிசையின் மீதுதான். அவர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எல்க் மான் வேட்டைக்கு மலையேறுகிறவர். "பதினான்கு நாள் நான் குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை, அப்படியானால் நான் யார்?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

2018 பிப்ரவரியில் பார்க்லாண்ட் பள்ளியில் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களில், முதலில் துப்பாக்கியை எடுங்கள், சட்ட நடைமுறையெல்லாம் பிறகு என்ற பொருளில் பேசியவர் வேறு யாருமல்ல, அப்போதைய அதிபர் டிரம்ப்தான். அடுத்த மாதமே புளோரிடாவில் ரெட் ஃபிளாக் பிரிவுள்ள சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ரிக் ஸ்காட்டும் குடியரசுக் கட்சிக்காரர். இங்கே கொலராடோவிலோ, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனட் தலைவரே சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார், ஒரே ஒரு வாக்கில்தான் அது செனட்டில் நிறைவேறியது. ஆகவே இதைக் கட்சிச் சண்டை என்று எண்ணி ஒதுக்கிவிடாதே.

பொய் மனு பற்றிய பயத்துக்கு எங்கள் கவுண்டியிலேயே ஓர் உதாரணம் உண்டு. சட்டம் வந்த முதல் மாதத்தில், தன் மகனைச் சுட்டுக் கொன்ற காவலர் ஒருவர்மீது ஒரு தாய் மனு கொடுத்தார். குடும்ப உறவு இருந்தால்தான் மனு செல்லும் என்பதால், அந்தக் காவலருக்கும் தனக்கும் ஒரு குழந்தை உண்டு என்று படிவத்தில் குறித்துவிட்டார். நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார், பொய்ச் சத்தியம் செய்ததற்காக அந்தப் பெண் பிறகு தண்டிக்கப்பட்டார். சட்டம் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டதே என்றேன் நான். எதிரில் நின்றவர் காவலராக இருந்ததால் கண்டுபிடித்தது, விவாகரத்து வழக்கில் கசந்து நிற்கும் சாதாரண மனிதனுக்கு அவ்வளவு சுருக்கில் நடக்குமா என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இருவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஒன்றை மட்டும் சட்டத்தின் பக்கம் எழுதியாக வேண்டும்: எதிர்மனுதாரருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் வைக்கக் கொலராடோ வழி செய்திருக்கிறது. இது உரிமையியல் வழக்கு என்பதால் பல மாநிலங்களில் அந்த வசதி இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குக் கிடைக்கும் இலவச வழக்கறிஞர், குற்றமே சாட்டப்படாதவனுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கும் உறுத்துகிறது.

இன்னொரு பயம் உயிரைப் பற்றியது. மேரிலாந்தில் இத்தகைய சட்டம் 2018 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்தே வாரத்தில், நவம்பர் 5 அன்று விடிவதற்கு முன், காலை ஐந்தேகால் மணியளவில், ஆன் அருண்டெல் கவுண்டியில் 61 வயதுக்காரர் ஒருவரின் கதவைக் காவலர்கள் தட்டினார்கள். அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டால் துப்பாக்கி வைத்திருப்பவன் எதைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறப்பான்? அவரும் அப்படித்தான் திறந்தார். காவலர்கள் சொன்னதும் துப்பாக்கியைக் கீழே வைத்தார், உத்தரவின் விவரத்தைக் கேட்டதும் ஆத்திரத்தில் மறுபடி எடுத்தார். கைகலப்பில் அது வெடித்தது, அவரைச் சுட்டுவிட்டார்கள். எந்தக் குற்றமும் சாட்டாத ஓர் உத்தரவைச் சேர்க்கப் போய் ஒரு மரணம். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், எங்கள் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் யாராவது ஒருவர் இதை நினைவூட்டாமல் இருப்பதில்லை.

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்பாய். ரோட் ஐலண்டைச் சேர்ந்த கனிக்லியா என்பவரின் வழக்கைத் தேடிப் படி, உனக்குப் பிடிக்கும். மனைவியோடு சண்டை போட்டவர், தோட்டா போடாத துப்பாக்கியை மேசையில் வைத்து, என்னைச் சுட்டு முடித்துவிடு என்றிருக்கிறார். மனைவி அன்றிரவு விடுதிக்குப் போய்விட்டு, மறுநாள் காவல்துறையை அழைத்தார். துப்பாக்கிகளைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மனநலப் பரிசோதனைக்குப் போகச் சம்மதித்தேன் என்பது கணவரின் வாதம். அவர் ஆம்புலன்ஸில் போனதும், வாரண்ட் இல்லாமலே வீட்டுக்குள் நுழைந்து துப்பாக்கிகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள். அக்கறையின் பெயரால் அப்படி வீட்டுக்குள் நுழைய முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் ரெட் ஃபிளாக் சட்டங்களைப் பற்றிய கேள்வி இந்த வழக்கில் இல்லை என்று நீதிபதி அலிட்டோ தனியே குறித்து வைத்தார்.

பிறகு 2024 ஜூனில் ரஹிமி வழக்கு வந்தது. குடும்ப வன்முறைத் தடை உத்தரவுக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பானது. ஆதரவாளர்கள் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். எதிர்ப்பவர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள்: அந்தச் சட்டத்தின்படி, அறிவிப்புக் கொடுத்து விசாரணை நடத்திய பிறகு போட்ட உத்தரவுதான் துப்பாக்கியைத் தடுக்கும். பதினான்கு நாள் விஷயத்தில் அப்படி இல்லையே. எனக்கு இது வலுவான வாதமாகவே படுகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு நான் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விட்டால் நீ சிரிப்பாய். சட்டம் வேண்டும் என்கிற பக்கம்தான். எங்கள் மாநிலத்தின் 64 கவுண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை, இரண்டாம் திருத்தத்தின் 'சரணாலயம்' என்று, அதாவது இந்தச் சட்டத்தை ஏற்க மாட்டோம் என்ற பொருளில், தீர்மானம் போட்டன. உத்தரவை நிறைவேற்றுவதைவிடச் சிறைக்குப் போவேன் என்றார் வெல்ட் கவுண்டி ஷெரிஃப். அப்படித் தீர்மானம் போட்ட எல் பாஸோ கவுண்டியில் ஒருவன் 2021-இல் வெடிகுண்டு மிரட்டல் விடுத்துக் கைதானான். வழக்கு பிறகு தள்ளுபடியானது, அவன்மீது ரெட் ஃபிளாக் மனு எதையும் யாரும் கொடுக்கவில்லை. 2022 நவம்பரில் அவன் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் கிளப் க்யூ என்ற இரவு விடுதிக்குள் புகுந்து ஐந்து பேரைக் கொன்றான். மனு கொடுத்திருந்தால் அது நின்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். யாரும் தட்டிப் பார்க்காத கதவு அது என்று மட்டும் சொல்வேன்.

ஆனால் பிறரைக் கொல்பவர்களைவிடத் தம்மையே சுட்டுக்கொள்பவர்கள்தான் இங்கே அதிகம். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. இத்தகைய சட்டத்தை 1999-இலேயே முதன்முதலில் கொண்டுவந்தது கனெக்டிகட் மாநிலம். அங்கே 762 உத்தரவுகளை ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு, பத்து முதல் இருபது பறிமுதலுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டது. அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். மிச்சம் ஒன்பது பேரோ பத்தொன்பது பேரோ வீணாகத் துப்பாக்கியை இழந்தார்கள் என்றுதானே அர்த்தம் என்றார். அதே கனெக்டிகட், ஓராண்டு என்றிருந்த வரம்பைப் பின்னர் நீக்கிவிட்டதையும், இப்போது உத்தரவு விலக வேண்டுமென்றால் துப்பாக்கியை இழந்தவரே மனுப்போட வேண்டியிருப்பதையும் சேர்த்துச் சொன்னார். கால வரம்பு இல்லாத உத்தரவை நானும் ஆதரிக்க மாட்டேன்.

இனி சொல்லப்போவது அவர் யாரிடமும் சொல்லாதது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய மனைவி காலமானார். காரியங்கள் முடிந்த நான்காம் நாள் இரவு, அவர் என் வீட்டு மணியை அடித்தார். வண்டியின் பின்புறம் கம்பளியில் சுற்றி ஐந்து துப்பாக்கிகள், ஒரு சாவிக்கொத்து. "கொஞ்ச நாள் உன் சேஃபில் இருக்கட்டும்" என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. தாமாக வந்து கொடுப்பவர்களின் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் கடைகளும் காவல் நிலையங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடம் ஒன்று இந்த மாநிலத்தில் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைத் துப்பாக்கிக் கடைக்காரர்களே மேசையில் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை.

ஏழு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொண்டார். அன்று நான் கேட்டேன்: "நீங்கள் வராமல் இருந்திருந்தால், நான் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமா?" வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நான் உறவினன் இல்லையாதலால் என் மனு செல்லாது என்றார். சட்டத்தை வரி பிசகாமல் படித்து வைத்திருக்கிறார் மனிதர். கதவுவரை போனவர் திரும்பி, மகள் போயிருந்தால் அவளோடு ஓராண்டு பேசியிருக்க மாட்டேன் என்றார்.

ஓராண்டு கழித்துப் பேசியிருப்பாரா என்று நான் கேட்கவில்லை. உன் பெரியப்பாவின் துப்பாக்கி இப்போது யாரிடம் இருக்கிறது? அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் அன்புடன்,
ராமநாதன்